பதினாறு அங்குலச் சக்கரமும் எட்டாம் நம்பர் வெர்னியரும்

ஜூலை 12, சனி

இன்று காலை யாரோ ஒருவருடைய காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளைக் கார். மின்சாரக் கார். பவானி பைபாஸ் ஹோட்டலின் சார்ஜர் பக்கத்தில் நிற்கிறது. மூன்றும் பொருந்திவிட்டதால் அது என் மகள் தாரணியின் கார்தான் என்று என் விஞ்ஞான மூளை தீர்ப்பெழுதிவிட்டது. பின்கதவைத் திறந்து, சாப்பாடு வைத்த தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டில் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம், “ஏங் கண்ணு, கழுத்தெலும்பு தெரியுது, மாப்ள சோறு போடறாரா இல்லியா?” என்றேன்.

திரும்பிய அம்மாளுக்கு என் வயதிருக்கும். ஒரு நொடி யோசித்துவிட்டு, “நாந்தானுங்க அவருக்குப் போடறேன்” என்றார்.

அலறியிருந்தால்கூடத் தேவலை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினால், என் மனைவி சாந்தாமணி பத்தடி தள்ளி நின்று ஹோட்டலின் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறாள். என்னை முன்னே பின்னே பார்த்தே இராதவள் போல ஒரு பாவனை. முப்பத்திரண்டு வருடத்தில் இந்தப் பாவனை அவளுக்கு நன்றாகக் கைவந்துவிட்டது.

உண்மையான தாரணி ஒன்பதே முக்காலுக்கு வந்தாள். அவளும் மாப்பிள்ளை நவநீதனும் பெங்களூரில் வேலையில் இருக்கிறார்கள். கோயமுத்தூரில் சம்பந்தியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அங்கே போகிறார்கள். முழுச் சார்ஜில் கார் முந்நூற்று எண்பது கிலோமீட்டர் ஓடும். போகவேண்டியது முந்நூற்று அறுபது. மிச்சமிருக்கும் இருபதை நம்ப மாப்பிள்ளைக்குத் தைரியம் பத்தாது. அதனால் வழியில் இந்த ஹோட்டலில் நிறுத்திச் சார்ஜ் போடுவார்கள். எங்கள் வீடு இங்கிருந்து ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் சந்துக்குள் அந்தக் கார் ஒருமுறை நுழைந்து, ரிவர்ஸில் வெளியே வர அரைமணி நேரமும் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி இரண்டும் ஆயிற்று. ஆகவே நாங்கள்தான் மொபெட்டில் தூக்குப்போசியோடு இங்கே வருகிறோம். கார் மின்சாரம் குடிக்கும். பிள்ளைகள், சாந்தாமணி இடியாப்பம் போலப் பிழிந்த சந்தவையைச் சாப்பிடுவார்கள்.

இன்று சாப்பிட்டு முடித்ததும் தாரணி, “அப்பா, முன்னாடி டயரைப் பாருங்க. ரெண்டு மாசத்துல இது ரெண்டாவது” என்றாள்.

டயரின் விலாவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. பதினெட்டு அங்குலச் சக்கரம், பார்க்க ஷோக்குத்தான். ஆனால் சக்கரம் பெருக்கப் பெருக்க அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் மெலிந்துபோகிறது. பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக உலோகத்துக்கே போகிறது.

“பதினாறு இஞ்ச் வீல் போட்டா ரப்பர் தடிமனா வருமுங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. “வெளிச்சுத்து கிட்டத்தட்ட அதேதான். ஆனா உள்ள பிரேக் இடிக்காம உக்காருமான்னு யாராவது அளந்து பாக்கோணும். பெங்களூர்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க.”

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன். முப்பத்தொரு வருடம் அரசு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன். படித்தது பத்தாவது. ஆனால் பன்னிரண்டாவது படித்தவர்களுக்கெல்லாம் கருவி எடுத்துக் கொடுத்தவன்.

“இன்னொண்ணுங்க மாமா, வீல் சின்னதானா வெயிட் கொறையும், நாப்பது கிலோமீட்டர் கூட ஓடும். அப்புறம் இங்க நிக்கவே வேண்டியதில்ல. ஒரே புடியாக் கோயமுத்தூர்.”

“அட, அது நல்லதாச்சே” என்றேன்.

நல்லதுதானே.

சார்ஜ் நேரம்: 47 நிமிடம்.

ஜூலை 13, ஞாயிறு

இந்த நோட்டு பள்ளிக்கூடத்தில் மிச்சமான ரெக்கார்டு நோட்டு. ஒரு பக்கம் கோடு போட்டது, ஒரு பக்கம் வெள்ளை. பழக்கம் விடவில்லை, ஆகவே:

நோக்கம்: மின்சாரக் காரில் பதினெட்டுக்குப் பதில் பதினாறு அங்குலச் சக்கரம் பொருந்துமா எனக் கண்டறிதல்.

தேவையான பொருள்கள்: பதினாறு அங்குலச் சக்கரம் ஒன்று, ஜாக்கி, வெர்னியர் அளவி, அங்கப்பன்.

அங்கப்பன் ஹோட்டலை ஒட்டினாற்போல் டயர் கடை வைத்திருக்கிறான். எங்கள் பள்ளியில் படித்தவன். லேப் உதவியாளரை இன்றுவரை ‘சார்’ என்று கூப்பிடும் ஒரே ஆத்மா. அதற்குக் காரணம் உண்டு. செய்முறைத் தேர்வில் இவன் வேர்த்து விறுவிறுத்து நின்றபோது, மேசை துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய் விடையைக் காதில் போட்டது நான். இவனுக்கு மட்டுமா? என் முணுமுணுப்பில் பாஸானவர்களில் ஒருவன் இன்று என்ஜினீயர். அவன் கட்டிய பாலத்தில் நான் மொபெட்டை மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

வெர்னியர் என்னுடையது. எட்டாம் நம்பர். ரிட்டையர் ஆகும்போது, கழித்துக்கட்டிய பொருள்களோடு சேர்த்து என்னையும் அனுப்பி வைத்த தலைமையாசிரியர் அதை எனக்கே கொடுத்துவிட்டார். எவனோ அதன் தாடையில் புளியங்கொட்டை வைத்து உடைத்திருக்கிறான். அதனால் மூடினால் இரண்டு சுழியும் நேருக்கு நேர் நிற்காது. நகரும் அளவுகோலின் சுழி மற்றதைத் தாண்டி 1.4 மில்லிமீட்டர் பின்னால் போய் நிற்கும். சுழிப்பிழை என்று பெயர். எட்டாம் நம்பரில் எதை அளந்தாலும் 1.4 கூட்டிக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்டதில்லை யாரும்.

ஜூலை 15, செவ்வாய்

அங்கப்பன் கடையில் வேறொரு காரிலிருந்து கழற்றிய பதினாறு அங்குல அலாய் வீல் நாலு கிடக்கிறது. முதலில் போல்ட் ஓட்டைகள் பொருந்த வேண்டும். ஓட்டைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் குறுக்களவு காரில் 114.3 மில்லி என்று மாப்பிள்ளை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.

எதிரெதிர் ஓட்டைகளை நடுவுக்கு நடு அளந்தேன். 1.4 கூட்டினேன். 108 சொச்சம்.

“அங்கப்பா, பொருந்தாது! ஆறு மில்லி வித்தியாசம்.”

அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தான். “எதையுங்க சார் அளந்தீங்க?”

“எதிர் ஓட்டையத்தான்.”

“அஞ்சு ஓட்டைக்கு ஏதுங்க சார் எதிரு?”

என் கையை விரித்து விரல்களைப் பார்த்துக்கொண்டேன். நாலு ஓட்டை என்றால் எதிரெதிராக நிற்கும். ஐந்தில் எதற்கும் நேர் எதிர் கிடையாது. ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து, தள்ளியிருக்கும் ஓட்டையின் வெளிவிளிம்பு வரை பிடித்தால் ஏறக்குறைய சரியாக வருமாம். பிடித்தேன். நூற்றுப் பதினாலு சொச்சம். கச்சிதம்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க சார்” என்றான். “வீல் பொருந்தலைன்னா ஆளுக மூஞ்சி வாடும். உங்குளுக்கு என்னமோ நோம்பி வந்தாப்ல இருந்துச்சுங்களே?”

வெயில் முகத்தில் அடித்தது என்றேன்.

ஜூலை 19, சனி

வராத சனிக்கிழமை. சாந்தாமணி கேட்டாள்: “அவங்க நிக்காமப் போயிட்டா சனிக்கெழமை நாம என்ன பண்றது?” குழாய் ரிப்பேர் பார்க்கலாம் என்றேன். குழாய் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

நடு ஓட்டை: கார்ப் பக்கத்தைவிட வீலில் கொஞ்சம் பெரிது. அங்கப்பன் ஒரு வளையம் போட்டுச் சரிசெய்வான். டயர் தாங்கும் எடை: பேட்டரி கனத்துக்குத் தகுந்த எண் போட்ட டயர் கிடைக்கிறது. மிச்சம் ஒன்றுதான். பிரேக்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் என்கிற அந்தப் பெட்டி, சின்ன வீலுக்குள் இடிக்காமல் அடங்க வேண்டும். காரை வைத்துக்கொண்டுதான் அதைப் பார்க்க முடியும்.

ஜூலை 26, சனி

இன்று பரிசோதனை. விவரமாக எழுதுகிறேன்.

சார்ஜ் முடிந்ததும் காரை அங்கப்பன் கடைக்கு நகர்த்தினோம். முன்சக்கரத்தைக் கழற்றினான். காலிப்பருக்கும் வீலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும் என்பதை வீல் மாட்டிய பிறகு உள்ளே கைவிட்டு அளக்க முடியாது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். சாந்தாமணி பிசைந்து கொண்டுவந்த சப்பாத்தி மாவை உருண்டையாக்கிக் காலிப்பரின் மேல் ஒட்ட வேண்டும். வீலை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கழற்றினால், இருந்த இடத்தின் கனத்துக்கு மாவு நசுங்கியிருக்கும்.

“அத்தை, பிரேக்குக்கு எல்லாம் சப்பாத்தி தர்றீங்க, எனக்குச் சந்தவைதானுங்களா?” என்றார் மாப்பிள்ளை.

“பிரேக் குருமா கேக்காதுங்க மாப்ள” என்றாள் சாந்தாமணி.

அங்கப்பன் கறாராகச் சொல்லிவிட்டான். “மூணு மில்லி இடம் இருக்கோணுமுங்க. பிரேக் சூடானா, ஒரு கல்லு மாட்டுனா, அவ்வளவு இருந்தாத்தான் நான் மாட்டி விடுவேன். சாரே சொன்னாலும் கொறச்சு மாட்ட மாட்டேன்.”

வீல் மாட்டினான். சுற்றினான். சத்தமில்லை. கழற்றினான். மாவு அழகாக நசுங்கி உட்கார்ந்திருந்தது. பிளேடால் சீவி எடுத்தேன். எட்டாம் நம்பரை வேட்டி நுனியால் துடைத்தேன். ஊதினேன். மூடித் திறந்தேன். மாவு நசுங்காமல் மெதுவாகத் தாடைக்குள் வைத்தேன். படித்தேன்.

2.2.

“ரெண்டு புள்ளி ரெண்டு” என்றேன்.

அங்கப்பன் குனிந்து வெர்னியரைப் பார்த்தான். ஏதோ கேட்டான். பைபாஸில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனதால் சரியாகக் காதில் விழவில்லை.

“மூணு இல்லைன்னா வேண்டாமுங்க” என்று அவனே எழுந்துவிட்டான்.

தாரணி கடைக்கு வெளியே வேப்பமர நிழலில், அம்மா சுட்டு வந்த வெல்லக் கச்சாயத்தைக் கடித்துக்கொண்டு அம்மாவோடு நின்றிருந்தாள். போய்ச் சொன்னேன். “ஓ” என்றாள். பிறகு, “பரவால்லீங்ப்பா, பள்ளம் பாத்து ஓட்டிக்கறோம்” என்று என் நெற்றியிலிருந்த மாவைத் துடைத்துவிட்டாள். பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டினோம். மாப்பிள்ளை, “வாரம் விட்டு வாரம் உங்களுக்குத்தானுங்க மாமா தொந்தரவு” என்றார்.

“தொந்தரவு என்னங்க மாப்ள தொந்தரவு” என்றேன்.

சார்ஜ் நேரம்: 45 நிமிடம். பரிசோதனை நேரம்: 38 நிமிடம். ஆக 83.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் குளிக்கும்போது நான் பாடினேனாம். சாந்தாமணி சொல்கிறாள். பாடியது எனக்கு நினைவில்லை.

“அந்தச் சுழி வெவகாரமெல்லாம் பாத்தீங்கல்ல?” என்றாள் தோசையைத் திருப்பிக்கொண்டே. இவளுக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணமான புதிதில் வேறு பேச்சு எதுவும் வராமல் நான் இவளுக்குச் சுழிப்பிழையைத்தான் விளக்கினேன்.

தோசை கருகுகிறது என்றேன். கருகவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

வெர்னியரை எடுத்து பீரோ மேல், பழைய காலண்டர்களுக்குப் பின்னால் வைத்தேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதால். வீட்டில் பொருள்களை ஒழுங்காக வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

ஒன்பதரைக்கே போய்விட்டோம். சார்ஜர் பக்கத்தில் அதே பழைய வெள்ளைக் கார், அதே அம்மாள். கண்ணாடியை இறக்கி, “இன்னிக்கு ஏறலீங்களா?” என்றார். சாந்தாமணி அவரோடு சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டே கழிவறைப் பக்கம் போனார்கள்.

பத்து. பத்தரை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு செய்தி வந்தது: ‘டயர். வரோம்.’ இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை நான் எத்தனை முறை படித்தேன் என்று எழுதப் போவதில்லை. தூக்குப்போசி ஆறிப்போயிற்று. நான் ஹோட்டல் வாசலிலிருந்து சார்ஜர் வரை நடந்தேன். நாற்பத்தொரு அடி. திரும்பி நடந்தேன். அதேதான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார்கள். முன்பக்கம் இடது சக்கரத்தில் ஒல்லியான ஸ்டெப்னி.

“ஒண்ணுமில்லீங்ப்பா, தொப்பூர் இறக்கம் தாண்டி ஒரு பள்ளம். டப்புன்னு வெடிச்சிருச்சு” என்றாள் தாரணி. ஓட்டியது அவள். கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, பின்னால் வந்த லாரி பிரேக் பிடித்து இரண்டு முழம் தள்ளி நின்றதாம். “கண்ணாடியில லாரி மூஞ்சி முழுக்கத் தெரிஞ்சதுங்ப்பா. முன்னாடி எழுதியிருந்ததை எல்லாம் படிச்சேன். திருப்பித் திருப்பிப் படிச்சேன். ஓனர் பேரு, ஓனர் மக பேரு, மகன் பேரு. அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் கார்டே எழுதிக் குடுப்பேன், பாத்துக்குங்க.”

எல்லாரும் சிரித்தோம். அவள் காப்பி டம்ளரை எடுத்தாள். டபராவில் தடதடவென்று சத்தம் வந்தது. டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து மறுபடி எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். மாப்பிள்ளை பார்த்தார். சாந்தாமணி பார்த்தாள். பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள்.

சார்ஜ் நேரம் குறிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக பீரோ மேலிருந்து வெர்னியரை எடுத்துக்கொண்டு அங்கப்பன் கடைக்குப் போனேன். அவன் அப்போதுதான் ஷட்டர் தூக்கியிருந்தான்.

“அங்கப்பா, அன்னிக்கு லாரி போகும்போது என்னமோ கேட்டியே, என்ன கேட்ட?”

“அதுங்களா? இது அந்தப் பழைய எட்டாம் நம்பர்தானுங்களே, இதுல என்னமோ கூட்டோணும்னு என் காதுல சொல்வீங்களே, அந்தக் கணக்கு இப்ப இல்லீங்களான்னு கேட்டேன். நீங்க பேசாம இருந்தீங்க. சரி, சார் ரிப்பேர் பண்ணி வெச்சிருப்பாருன்னு விட்டுட்டேன்.”

“அட கெரகமே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே அடித்துக்கொண்டேன். “மறந்தே போச்சு அங்கப்பா!”

2.2 உடன் 1.4. அதைக் கூட்டிப் பார்க்க இவன் காகிதமெல்லாம் எடுத்தான். “மூணு புள்ளி ஆறுங்க சார்! பொருந்துது!” பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இவனுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. மீசை நரைத்திருக்கிறது. “சார், பரிச்சையில இத்தனை வருசம் எல்லாருக்கும் சரியான விடையத்தான் சொன்னீங்க. சொந்தப் புள்ளைக்குத் தப்பாச் சொல்லிட்டீங்களே” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். டீ சொன்னான். குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தாரணிக்குப் போன் செய்தேன்.

“கண்ணு, ஒரு பிழை நடந்துபோச்சு.”

“யாரு பண்ணுனதுங்ப்பா?”

“சுழி.”

விளக்கினேன். புளியங்கொட்டையிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். “அப்ப வீல் பொருந்துமா?” என்றாள். பொருந்தும், அடுத்த தடவை வரும்போது நாலும் மாட்டிவிடலாம், அதுவரைக்கும் இந்தக் காரை எடுக்க வேண்டாம், பஸ்ஸில் போ என்றேன்.



“ஏனுங்ப்பா, என் கல்யாணத்துக்கு நகைக்கடையில தராசு முள்ளு சுழியில நிக்கலைன்னு முக்கா மணி நேரம் சண்டை போட்டவரு நீங்க. நீங்களா மறந்தீங்க?”

“வயசாகுதல்ல கண்ணு.”

“அறுபதுதானுங்க ஆச்சு.”

“சுழிப்பிழையோட சேத்தா அறுபத்தொண்ணு வரும்.”

சிரித்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சாந்தாமணி கதவில் சாய்ந்து நிற்கிறாள். சட்டையில் இருந்த கிரீஸைக் காட்டி, கழற்றிப் போடுங்க, ஊற வைக்கிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

வராத சனிக்கிழமை. குழாயை ரிப்பேர் செய்தேன். இப்போது நிஜமாகவே ஒழுகுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

பஸ்ஸெல்லாம் சரிப்படாது என்று பழைய டயர் ஒன்றை மாட்டி, அறுபதைத் தாண்டாமல் மாப்பிள்ளை உருட்டிக்கொண்டு வந்தார். நாலு சக்கரமும் மாற்றினோம். அங்கப்பன் புது வெர்னியர் ஒன்று, பேட்டரி போட்டது, எண்ணை அதுவே காட்டுகிறது, வாங்கி வைத்திருந்தான். மறுபடி மாவு, மறுபடி சுற்று. 3.6 என்று காட்டியது. எட்டாம் நம்பரில் 2.2 உடன் 1.4. எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாது.

பின்பிரேக்கையும் பார்த்துவிடலாம் என்றேன். பார்த்தோம். ஸ்டீயரிங்கை இடது வலது முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்கலாம் என்றேன். பார்த்தோம். நட்டுகளை ஒருமுறை இறுக்கிய பிறகு, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். ஓட்டி, இறுக்கினோம்.

“சார், நாலாவது வாட்டி அளக்கறீங்க. வீல் தேஞ்சிரும்” என்றான் அங்கப்பன்.

“பாதுகாப்பு முக்கியம்.”

இதற்கிடையில் டயர் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் தாரணியை உட்கார வைத்து, சாந்தாமணி அவளுக்குத் தலை வாரிவிட்டாள். எண்ணெய், சீப்பு, ரிப்பன் எல்லாம் கூடையில் எடுத்து வந்திருக்கிறாள். எனக்கே தெரியாது. ஆபீஸில் பத்துப் பேரை மேய்க்கிற பெண், பஞ்சர் ஒட்டுகிற தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் தலையைச் சாய்த்தபடியே தூங்கிவிட்டாள். சாந்தாமணி பின்னி முடித்தாள். பிறகு அவிழ்த்தாள். மறுபடி முதலிலிருந்து பின்னினாள்.

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கொரு அளவி.

புறப்படும்போது புதுச் சக்கரம் கொஞ்சம் குட்டையாக, ரப்பர் புஸ்ஸென்று, வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி இருந்தது. மாப்பிள்ளை ஹோட்டல் பக்கம் கையைக் காட்டி, “இனி இவங்களுக்கு நம்ம வியாபாரம் இல்லீங்க மாமா” என்றார்.

இன்று பிள்ளைகள் எங்களோடு இருந்தது இரண்டு மணி பத்து நிமிடம். பொங்கலுக்குப் பிறகு இதுதான் அதிகம்.

ஆகஸ்ட் 30, சனி

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 6, சனி

சாந்தாமணி நாலரைக்கே எழுந்து கச்சாயம் சுட்டாள். “யாருக்கு?” என்றேன். “வாய் இருக்கறவங்களுக்கு” என்றாள். ஒன்பது மணிக்கு, தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு மொபெட் பக்கத்தில் வந்து நின்றாள். நான் ஏற்கெனவே மொபெட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விஞ்ஞானக் காரணம் இருந்தது. சக்கரம் மாற்றிய வண்டி வேகமாக ஓடும்போது ஆடுகிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பது நல்லது.

ஹோட்டலுக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் நின்றோம். பைபாஸ் அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வெள்ளைக் கார் வந்தது. நம்பர் பார்த்தேன். இந்த முறை தப்பில்லை. எண்பதில் இருக்கும். சக்கரம் ஆடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. மின்சாரக் கார் அல்லவா, வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சாந்தாமணி தூக்குப்போசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஒரு நிமிடம் இருக்காது. போன் அடித்தது.

“அப்பா, பவானி தாண்டிட்டோம். இன்னும் நாப்பத்தொரு பர்சென்ட் இருக்குது! உங்க வீல் சூப்பர்!”

“பாத்தியா! சத்தம் கித்தம்?”

“ஒண்ணுமில்ல. பள்ளத்துல எறங்குனா மெத்தையாட்டம் இருக்குது. எங்க இருக்கீங்க?”

“வீட்லதான் கண்ணு.”

“லாரி சத்தம் கேக்குது?”

“டிவி.”

“ஓகோ. டிவில இப்ப ஒரு வெள்ளைக் கார் போச்சுங்களா?”

நான் காலிப் பைபாஸைத் திரும்பிப் பார்த்தேன்.

“அம்மாகிட்டச் சொல்லுங்க, பச்சைச் சேலை எடுப்பா இருக்குதுன்னு.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சாந்தாமணி தானே கேட்டுக்கொண்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்ட காருக்காக.

“ஏனுங்ப்பா, கை காட்டியிருந்தா நின்னிருப்போமில்ல? பஸ்ஸாட்டம்?”

“எக்ஸ்பிரஸ் நிக்காதுன்னு நெனச்சுட்டேன் கண்ணு.”

“பெத்தவங்க கை காட்டுனா நிக்கும். டிரைவர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். என்னுங்க டிரைவர்?”

“நிக்குமுங்க மாமா!” என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

பிறகு அவள் காரில் ஸ்பீக்கரை அணைத்திருப்பாள் போலிருக்கிறது. குரல் பக்கத்தில் வந்தது.

“அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு மாவு அளந்தீங்களே, அப்ப அந்தச் சுழியை நெசமாவே பாக்கலீங்களா?”

“என்ன கண்ணு? லாரி போகுது, காதுல விழல.”

அப்போது பைபாஸ் காலியாக இருந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை.

“ஒண்ணுமில்லீங்ப்பா” என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. “கச்சாயத்தை ஆற விடாமச் சாப்புடுங்க ரெண்டு பேரும்.” கச்சாயம் என்று நான் சொல்லவே இல்லை.

ஹோட்டல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இரண்டு, சாந்தாமணி ஒன்று. அந்த வெள்ளைக் கார் அம்மாளைக் காணோம். வந்திருந்தால் அவருக்கும் கொடுத்திருக்கலாம்.

முடிவு: பதினெட்டு அங்குலத்துக்குப் பதில் பதினாறு அங்குலச் சக்கரம் பொருந்தும்.

சுழியைப் பார்த்தேன் கண்ணு. ஊதித் துடைத்து, மூடி, அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். 1.4. நிமிர்ந்தேன். வேப்பமரத்தடியில் நீ அம்மாவிடம் இன்னும் ஒரு கச்சாயத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாய்.